முப்பதாவது ஒத்தடப் பட்டை

3 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் சின்னவளின் வணக்கம். விடுதித் தண்ணீர் கொடுத்த சளியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? இன்னும் உங்கள் தையல்கடை இஸ்திரிப் பெட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொள்கிறார்களா? இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு.

இந்த வருடம் எங்களுக்குத் தொழில்முனைவு என்று ஒரு பாடம். ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு பொருள் செய்து, முன்பின் தெரியாத முப்பது பேருக்கு விற்க வேண்டும். சொந்தக்காரர்கள் தலையில் கட்டினால் செல்லாது. பாடம் எடுப்பவர் முன்பு சோப்புத் தொழிற்சாலை நடத்தி, அதை இழுத்து மூடிவிட்டு வந்தவர். பிள்ளைகள் வைத்த பெயர் சோப்பு சார். முதல் வகுப்பிலேயே, "தெரியாத வீட்டு வாசல்ல நின்னு மணி அடிக்கப் பயப்படுறவங்க இப்பவே எழுந்து போயிடலாம்" என்றார். நான் போயிருப்பேன். கால் ஒத்துழைக்கவில்லை, அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.

நான் செய்யப்போவது மின்சாரத்தில் சூடாகும் ஒத்தடப் பட்டை. உள்ளே சூடாகும் கம்பி, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. சூட்டைக் கட்டுப்படுத்துவது அந்தப் பெட்டிதான். உறை தைத்துத் தர உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? காகித மாதிரி இத்துடன் வைத்திருக்கிறேன். பெட்டி வரும் இடத்தில் மூன்று துளைகள் குறித்திருக்கிறேன். முப்பத்தொரு உறை வேண்டும். ஒன்று அண்ணிக்கு, அதற்கான பட்டையையும் அனுப்புகிறேன்.

மணி அடிப்பதை நினைத்தால்தான் பயம். பதில் போடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சின்னவள்

15 ஜூலை

சின்னவளுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கே இருவரும் சுகம். உன் சளிக்கு வெந்நீர் குடி. உன் அண்ணியின் இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது.

வியாபாரத்தைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தருகிறார்கள் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே தெரிந்திருந்தால், நானே அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என் முதல் பாடம்: பொத்தான் தெறித்தால் தையல்காரனைத் திட்டுபவன், வயிறு வளர்ந்ததைச் சொல்லவே மாட்டான். உன் சோப்பு சாரிடம் சொல், எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

உறைக்கு நல்ல பருத்தித் துணி எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம். அந்த மூன்று ஓட்டை எதற்கு? எலி கடித்த மாதிரி இருக்குமே. தூசி வேறு உள்ளே போகும். இதற்கு மட்டும் உடனே பதில் எழுது. மாதக் கடைசிக்குள் தைத்து அனுப்பிவிடுகிறேன்.

வாசலில் நின்று மணி அடிக்க என்ன பயம்? அடி. திறந்தால் பேசு. திறக்காவிட்டால் அடுத்த வீடு. அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

9 ஆகஸ்ட்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். சளி போய் இருமல் வந்திருக்கிறது, மற்றபடி நலம். தேர்வுகள் இருந்ததால் இவ்வளவு நாள் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணி பட்டையைப் பயன்படுத்துகிறார்களா?

உறைகள் வந்து சேர்ந்தன. அண்ணா, என்ன தையல்! துளைகளைச் சுற்றிக் காஜா எடுத்த மாதிரி எவ்வளவு நேர்த்தி! சோப்பு சார் ஒன்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வகுப்பில் கடையில் வாங்கியது போல இருக்கும் முதல் பொருள் இதுதான் என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்று மாலையே எல்லாப் பட்டைகளையும் உறைக்குள் போட்டு முடித்துவிட்டேன்.

பதினோரு வீட்டில் விற்றாகிவிட்டது. முதலில் வாங்கியது ஒரு தட்டச்சுக்காரம்மா. நான் பேசியதில் பாதி அவருக்குக் கேட்டிருக்காது, பட்டையைக் காட்டவே மறந்து நான் நின்றதைப் பார்த்துப் பாவப்பட்டு வாங்கியிருப்பார். பேருந்து நிறுத்தத்தில் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் தானாகவே வந்து கேட்டு வாங்கினார். மனைவிக்கு ஒரு வருடமாக இடது பக்கம் உணர்வே இல்லையாம், வலது தோள் பாரம் தாங்கித் தாங்கி வலிக்கிறதாம். முகவரி குறித்துக்கொள்வதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது. தையல்காரர் தங்கை அல்லவா, ஒன்றை மட்டும் கவனித்தேன்: அந்த ஓட்டுநரின் வலது தோள் இடதை விட இரண்டு விரல் இறங்கியிருந்தது, சட்டை அந்தப் பக்கம் சரிந்து நின்றது.

இருவரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
சின்னவள்

2 செப்டம்பர்

சின்னவளுக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் நலம். இருமல் நின்றதா?

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன் கதைதான். அளவு எடுக்கும்போது மனிதர் நகர முடியாது அல்லவா, அதனால் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். என் தங்கை முதலாளி, நான் அவளுக்குத் தையல்காரன் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்கிறது. நாமிருவரும் தனியாக நின்ற நாட்களை நினைத்தால் இதெல்லாம் நடக்கும் என்று யார் கண்டது?

உன் அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது. பெட்டி இருக்கும் பக்கம் மட்டும் சூடு தாங்கவில்லை என்கிறாள். அவள் எதற்குத்தான் குறை சொல்லவில்லை? நான் கண்டுகொள்ளவில்லை.

முப்பதும் முடிந்ததும் எழுது.

அண்ணன்

14 செப்டம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணிக்கும் ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் அவர்களுடைய பட்டையைப் பிடுங்கிப் போடுங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

நேற்று அந்தத் தட்டச்சுக்காரம்மா பட்டையை ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு விடுதிக்கே வந்தார். பெட்டி ஒரு பக்கம் உருகியிருந்தது. அந்த இடத்தில் துணி பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தது. நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஏம்மா, நான் தூங்கிப் போயிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

முப்பதும் விற்றாகிவிட்டது, அண்ணா. மீதி இருபத்தொன்பதும் வெளியேதான் இருக்கிறது. எந்த வீட்டில் யார் அதன் மேல் படுத்திருக்கிறார்களோ என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வகத்தில் மீதமிருந்த பட்டையை உறை இல்லாமல் எட்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் உறைக்குள் ஏன் இப்படி? என்ன துணி போட்டீர்கள், எத்தனை மடிப்பு, பெட்டிப் பக்கம் ஏதாவது வைத்தீர்களா என்று உடனே எழுதுங்கள். உங்கள் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைத் தொலைபேசிக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள்.

இன்னும் சோப்பு சாரிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கை

25 செப்டம்பர்

சின்னவளுக்கு.

இருவரும் நலம். உன் அண்ணியின் பட்டையை எடுத்து வைத்துவிட்டேன், அவளுக்கு ஒன்றுமில்லை.

துணி எப்போதும் எடுக்கிற நல்ல பருத்திதான். பெட்டிக்கு உள்சாமான் விற்றவன் யார் என்று பார், அவனைப் பிடித்துக் கேள். மலிவுச் சாமானாக இருக்கும். எதற்கும் நிதானமாக இரு. ஒரு பெட்டி கெட்டதற்காக எல்லாமே கெட்டது என்று ஊரைக் கூட்டாதே, உன் படிப்புதான் கெடும்.

கடையில் வேலை அதிகம். சுருக்கமாக முடிக்கிறேன்.

அண்ணன்

6 அக்டோபர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணி நலமாக இருப்பது தெரிந்து உயிர் வந்தது. உங்கள் கையெழுத்து இந்த முறை கோணலாக இருந்ததே, காய்ச்சல் ஏதும் இல்லையே?

சோப்பு சாரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "எத்தனை வெளிய இருக்கு?" என்று மட்டும் கேட்டார். ஒன்றைத் தவிர எல்லாம் என்றேன். வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டு என்னோடு கிளம்பினார். மூட்டு வலிக்கார மனிதர், ஆறு நாள் என்னோடு மாடிப்படி ஏறி இறங்கினார். விற்கும்போது மணி அடிக்கப் பயந்தேன் என்றேனே, அதெல்லாம் ஒரு பயமா? இப்போது மணி அடித்துவிட்டு, உள்ளே யார் என்ன நிலையில் இருக்கிறார்களோ என்று கதவு திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இருபத்தொன்பது கைக்கு வந்துவிட்டது. நான்கில் பெட்டி உருக ஆரம்பித்திருந்தது. யாருக்கும் காயமில்லை. முப்பதாவது அந்த ஓட்டுநரிடம் இருக்கிறது. பேருந்துப் பணிமனையில் விசாரித்தால் ஓய்வுபெற்றவர்கள் நூற்றுக்கணக்கில் என்று கையை விரிக்கிறார்கள். அவர் மனைவிக்கு இடது பக்கம் உணர்வு இல்லை, அண்ணா. சுட்டால்கூட அவருக்குத் தெரியாது. கண்ணை மூடினால் இதுதான்.

உறைகளை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி துறைக் குழுவின் முன் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். படிப்பிலிருந்தே நீக்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் தங்கை

16 அக்டோபர்

என் செல்லச் சின்னவளுக்கு அண்ணி எழுதுவது.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணன்தான் நன்றாக இல்லை. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உன் செப்டம்பர் கடிதம் வந்த நாளிலிருந்து மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நீ மருந்துக்கடைக்குக் கூப்பிட்டபோது அவர் நம் கடையில்தான் இருந்தார். இல்லை என்று சொல்லச் சொன்னார். ஓட்டுநர் மனைவியைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுத் தைத்து முடித்த துணிகளையெல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் வாய் திறந்தார். அந்த மூன்று ஓட்டைக்கும் பின்னால் கறுப்பு லைனிங் துணி வைத்துத் தைத்திருக்கிறார். பெட்டியும் கறுப்பு, துணியும் கறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஓட்டை திறந்திருப்பது போலவே இருக்கும். "பன்னெண்டு வருஷத்துல ஒரு துணியக்கூட ஓட்டையோட வெளிய அனுப்பினதில்லடி. கை தன்னால மூடிருச்சு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

பட்டையைப் பற்றி நான் சொன்னபோதே கேட்டிருக்கலாமே என்று எனக்கும் ஆத்திரம்தான். ஆனாலும் அவரை வெறுத்துவிடாதே. நான்கு நாளைக்கு முன் பொத்தான் வாங்கப் போகிறேன் என்று பேருந்து ஏறினார். இன்னும் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அங்கே வந்தாரா?

அண்ணி

21 அக்டோபர்

சின்னவளுக்கு.

வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் அண்ணி எழுதியதைச் சொன்னாள். அதனால் நலம் விசாரித்து நேரத்தைக் கடத்தவில்லை.

ஓட்டைகளை அடைத்தது நான். உன் கடிதத்தைப் படித்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், உள்சாமான் விற்றவனைக் கேள் என்று எழுதினேன். கடையின் பெயர் போய்விடும் என்ற பயம்தான், வேறு ஒன்றுமில்லை. இப்படி ஒரு கோழை உனக்கு அண்ணன்.

நான் இருந்தது உன் ஊரில்தான். உன்னைப் பார்க்க முகம் இல்லாமல் விடுதிப் பக்கம் வரவில்லை. பணிமனையில் ஆளைத் தெரியாவிட்டாலும், ஓட்டுநர்களுக்குச் சீருடை தைத்தவனுக்குத் தெரியும் என்று தோன்றியது. ஒவ்வொரு தையல்கடையாக ஏறி, வலது தோள் இரண்டு விரல் இறங்கியவர் என்று கேட்டேன். நான்காவது கடைக்காரர் அளவு நோட்டைத் தேடாமலேயே சிரித்தார். அந்தத் தோளுக்காக அவர் எத்தனை சட்டையைப் பிரித்துத் தைத்திருக்கிறாரோ! ஓய்வுபெற்ற பிறகு மகன் வீட்டோடு போய்விட்டவரை அங்கிருந்து விசாரித்துப் பிடிக்க மேலும் மூன்று நாளாயிற்று.

இரண்டாவது மாடி. ஓட்டுநர்தான் கதவைத் திறந்தார். அந்த அம்மா ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். சுவரிலிருந்து வந்த வயர் அவர் முதுகுக்கு அடியில் போயிருந்தது. நான் வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே ஓடி வயரைப் பிடுங்கினேன். திருடன் என்று நினைத்து ஓட்டுநர் என் சட்டையைப் பிடித்தார். பிடித்தபடியே நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

பட்டை நழுவி இடது இடுப்புக்கு அடியில் போயிருக்கிறது. அங்கே உள்ளங்கை அளவுக்குப் புண். இரண்டு வாரமாகப் படுக்கைப் புண் என்று நினைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தார்களாம். மருத்துவரிடம் கூட்டிப்போனோம். ஆழமில்லை, ஆறிவிடும் என்றார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று அவர் ஆரம்பித்ததை நான் கேட்கவில்லை, காதைப் பொத்திக்கொண்டேன்.

"தைக்கும்போது இது எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா சார்?" என்றார் ஓட்டுநர். கேட்டேன், பதில் வரவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பதில் வரும்வரை நான் காத்திருக்கவும் இல்லையே.

கிளம்பும்போது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லாகத்தான் பேச வருகிறது. "தோள் வலி... தாங்கல. நல்லதா ஒண்ணு... எப்ப?" என்றார். புண்ணைக் கொடுத்தவனிடமே கேட்கிறார்.

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தவறு முழுவதும் என்னுடையது. அதைக் கொடு.

அண்ணன்

30 அக்டோபர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக அண்ணி எழுதியிருந்தார்கள். அது போதும்.

நானும் ஒரு பொய் சொன்னேன். உறைகளைப் பிரித்துப் பார்க்கவில்லை என்று எழுதினேனே, அந்தக் கடிதம் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்பே பிரித்தேன். துளைகளுக்குப் பின்னால் கறுப்புத் துணி இருந்தது. உங்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நீங்களாகச் சொல்லாவிட்டால் காலம் முழுவதும் தெரியாதது போல இருக்க வேண்டுமே என்றுதான் பயந்தேன். முப்பதாவது பட்டைக்கு அடுத்து என்னை அரித்தது அதுதான்.

உங்கள் கடிதத்தைக் குழுவிடம் கொடுக்கவில்லை. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். துளைகளை வரைந்தவள் நான், எதற்கு என்று எழுதாதவளும் நான் என்றேன். தையல்காரர் எதற்கு என்று கேட்டு எழுதினார், தேர்வு என்று சொல்லி நான் பதில் போடவில்லை. உறை வந்ததும் அழகைப் பார்த்தேனே தவிர, ஒன்றைக்கூடத் திருப்பி உள்பக்கம் பார்க்கவில்லை. என் பெயரில் விற்ற பொருள், பார்க்க வேண்டியது என் வேலை. இதை முழுவதும் சொல்லி முடித்தேன்.

பாடத்தில் தோல்வி. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். படிப்பிலிருந்து நீக்கவில்லை.

நேற்று ஓட்டுநரின் மனைவியைப் போய்ப் பார்த்தேன். புண் காய்ந்து வருகிறது. என்னிடமும் அதையேதான் கேட்டார். மாட்டேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சூட்டைக் குறைத்து, ஒரு மணி நேரத்தில் தானாக அணைவது போல ஒன்று செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் பட்டையை அனுப்புகிறேன். உறை நீங்கள்தான் தைக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் சூடு வெளியேறத்தான் அந்தத் துளைகள். இதை ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
சின்னவள்

14 நவம்பர்

சின்னவளுக்கு அண்ணன் எழுதுவது.

நலம். நீயும் நலமாக இரு.

வேறு யாரிடமாவது கொடு என்று எழுத மூன்று முறை காகிதம் எடுத்தேன். பட்டை வந்து நான்கு நாள் மேசையிலேயே கிடந்தது. கத்தரியை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். உன் அண்ணிதான் வந்து நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு முழு நாளானது, இந்த ஒரு உறைக்கு.

தைத்தபின் மூன்று நாள் நானே அதன் மேல் படுத்துப் பார்த்தேன். அணைந்ததும் மறுபடி போட்டு, மறுபடி போட்டு. இளஞ்சூடுதான், சரியாக அணைகிறது. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் உணர்வு இருக்கிறது, அதனால் நான் பார்த்ததை நம்பாதே. முதலில் உள்பக்கம் திருப்பிப் பார். பிறகு ஆய்வகத்தில் ஓடவிட்டுப் பார். பிறகு கொண்டு போ.

அண்ணன்

27 நவம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வணக்கம். நான் நலம். இங்கே குளிர ஆரம்பித்திருக்கிறது, இருவரும் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். சோப்பு சாரும் பார்த்தார். ஆய்வகத்தில் ஐந்து நாள் ஓடவிட்டோம். அதற்கு மேல் தள்ளிப்போட ஒரு காரணமும் கிடைக்காததால் இன்று மாலை எடுத்துப் போனேன்.

பட்டையை அந்த அம்மாவின் வலது தோளுக்குக் கீழே வைத்தோம். சுவிட்சைப் போட ஓட்டுநருக்கு மனம் வரவில்லை, என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கடைசியில் அந்த அம்மாவே, "போடு" என்றார். போட்டேன்.

நழுவி உணர்வில்லாத பக்கம் போய்விடக் கூடாதே என்று பட்டைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் என் கையை வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சூடு மெதுவாக ஏறியது. அவர் முகம் தளர்ந்தது. "சுகமா இருக்கு" என்றார். சிறிது நேரத்தில் தூங்கிவிட்டார். கையை எடுத்துக்கொள்ளலாம் என்று ஓட்டுநர் சைகை காட்டினார். நான் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் முடிந்து அது அணைந்து, துணி குளிரும்வரை அப்படியே இருந்தேன். கை மரத்துப்போய்விட்டது.

நாளைக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளை மறுநாளும் போவேன். எத்தனை நாள் போக முடியும்? ஒரு நாள் அந்தப் பட்டையையும் அவரையும் தனியாக விட்டுவிட்டு வரத்தான் வேண்டும். போன முறை வீடு வீடாகக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே படி இறங்கினேன், அண்ணா. எப்படி இறங்கினேன் என்று இப்போது புரியவில்லை. விற்பது என்றால் கையை எடுத்துவிட்டு வருவதுதான். இன்று என்னால் முடியவில்லை.

உங்கள் தங்கை,
சின்னவள்